அலை போன பின் வந்த லாரிகள்

சுனாமி அடித்த மறுமாதம், 2005 ஜனவரியில், தமிழகத்தின் கடற்கரை ஊர்களுக்குப் போகும் சாலைகளின் ஓரத்தில் பழைய துணிகள் குவியல் குவியலாகக் கிடந்தன. தெருத்தெருவாகச் சேகரித்து, மூட்டை கட்டி, லாரி பிடித்து அனுப்பியவர்களின் மனம் நல்ல மனம். ஆனால் மீனவக் குடும்பங்கள் பெரும்பாலும் அவற்றைத் தொடவில்லை. முந்தைய மாதம் வரை சொந்தக் கட்டுமரம், சொந்த வலை, கோயில் திருவிழாவுக்குத் தவறாமல் வரி என்று வாழ்ந்தவர்கள் அவர்கள். யாரோ உடுத்திக் கழித்ததைக் கைநீட்டி வாங்க அவர்களுக்கு மனம் வரவில்லை. மழையிலும் பனியிலும் ஊறிய அந்தத் துணிகளை அள்ளி அப்புறப்படுத்துவதே பிறகு உள்ளாட்சி ஊழியர்களுக்குத் தனி வேலையாயிற்று.

பேரிடரிலோ போரிலோ சிக்கியவர்களுக்கு முன்பின் தெரியாதவர்கள் செய்யும் உதவி இன்று உலகளாவிய பெரிய துறை. அதற்கு ஐ.நா. தீர்மானங்கள் உண்டு, நடத்தை விதிகள் உண்டு, ஆளுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்ற அளவுகோல்கூட உண்டு. யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, யார் அனுமதியோடு கொடுப்பது, வாங்குபவரிடம் கேட்டுக் கொடுப்பதா கேட்காமல் கொடுப்பதா என்ற அதன் அடிப்படைக் கேள்விகள் எல்லாம் சென்னைக்குத் தெற்கே, கோவளத்துக்கும் கல்பாக்கத்துக்கும் இடைப்பட்ட கரையில் எழுந்திருக்கின்றன.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை ஆறரை மணி அளவில் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் 9.1 அளவில் பூமி அதிர்ந்தது. பட்டிபுலம், தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று வரிசையாக இருக்கும் குப்பங்களை அலை வந்து அடித்தபோது மணி ஒன்பது சுமார். இடையில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் அவகாசம் இருந்தது, எச்சரிக்கை சொல்லத்தான் ஏற்பாடு இல்லை. ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007-இல்தான் செயல்படத் தொடங்கியது. மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கியபோது கடற்கரைக் கோயிலுக்கு அப்பால் நீருக்குள் மறைந்திருந்த பாறைகள் வெளியே தெரிந்தன. கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் நீரேற்று நிலையத்தில் கடல்நீர் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது அணு உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. ஆனால் ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின. இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் 2019-இல்தான் உருவானது. அன்று இந்தக் கரை முழுவதும் காஞ்சிபுரம் மாவட்டம். அம்மாவட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தமிழகம் முழுக்க ஏறத்தாழ 8,000 பேர். அதில் 6,000 பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். இந்தியப் பெருங்கடலைச் சுற்றிய நாடுகளில் மொத்தம் இரண்டே கால் லட்சத்துக்கும் மேல்.

அந்த முதல் சில மணி நேரத்தில் மக்களைத் தூக்கிக் கரைசேர்த்தவர்கள் பக்கத்துத் தெருக்காரர்களும் பக்கத்து ஊர்க்காரர்களும்தான். கடலோரத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஊர்களில் கல்யாண மண்டபங்களும் பள்ளிக்கூடங்களும் கோயில்களும் மசூதிகளும் தேவாலயங்களும் திறக்கப்பட்டன, பெரிய பாத்திரங்களில் சோறு வெந்தது. சுனாமி உதவிகளைப் பல நாடுகளில் ஆராய்ந்த சுனாமி மதிப்பீட்டுக் கூட்டமைப்பு தன் அறிக்கைகளில் அழுத்திச் சொன்னதும் இதையே: உயிர்களைக் காப்பாற்றியது பெரும்பாலும் உள்ளூர் மக்கள். விமானமேறி வந்தவர்கள் சேர்வதற்குள் அந்த வேலை ஏறக்குறைய முடிந்திருந்தது.

இந்தத் துறையின் பிறப்பிலும் உள்ளூர்க்காரர்களே இருக்கிறார்கள். 1859 ஜூன் மாதம் வடக்கு இத்தாலியின் சோல்ஃபெரினோவில் நடந்த போரில் பல்லாயிரம் வீரர்கள் காயம்பட்டுக் கிடந்தார்கள். அருகிலிருந்த காஸ்டிலியோனே ஊரின் பெண்கள், காயம்பட்டவன் எந்தப் படையைச் சேர்ந்தவன் என்று பார்க்காமல் தண்ணீர் கொடுத்துக் கட்டுப்போட்டார்கள். வியாபார விஷயமாக அங்கே வந்திருந்த ஜெனீவாக்காரர் ஹென்றி டூனான்ட் அவர்களோடு சேர்ந்து உழைத்தார், பிறகு அதைப் புத்தகமாக எழுதினார். 1863-இல் செஞ்சிலுவை இயக்கமும் 1864-இல் முதல் ஜெனீவா ஒப்பந்தமும் அதிலிருந்தே வந்தன. அந்தப் பெண்கள் செய்ததுதான் பின்னாளில் கொள்கைகளாக எழுதப்பட்டது. துன்பம் எங்கிருந்தாலும் அதைத் தணிப்பது மனிதநேயம். தேவையை மட்டும் பார்த்துக் கொடுப்பது பாரபட்சமின்மை. சண்டையில் எந்தப் பக்கமும் சேராதது நடுநிலை. கொடுப்பவரின் அரசியல், ராணுவ, வணிக நோக்கங்களுக்குக் கருவியாகாமல் இருப்பது சுயேச்சை. முதல் மூன்றையும் ஐ.நா. பொதுச்சபை 1991-இல் 46/182 என்ற தீர்மானத்தில் ஏற்றது. நான்காவது, 2003-இல் நிறைவேறிய இன்னொரு தீர்மானத்தில் சேர்ந்தது.

நான்கில் கேட்பதற்கு மிக எளிதாகத் தோன்றுவதும் செய்வதற்கு மிகக் கடினமானதும் பாரபட்சமின்மைதான். சுனாமிக்குப் பின் தமிழகக் கடற்கரையில் அது பட்ட பாடு விரிவாகச் சொல்லத் தக்கது.

மீனவக் குப்பங்களில் அரசு நிர்வாகத்துக்கு இணையாக ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. வந்த அரிசி, பாத்திரம், படகு எல்லாம் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் பங்கிடப்பட்டன. பஞ்சாயத்தின் நியாயம் தெளிவானது: ஊருக்கு வந்தது ஊரில் எல்லோருக்கும் சமம். பத்துப் படகு வந்து நாற்பது குடும்பம் இருந்தால் நான்கு குடும்பத்துக்கு ஒரு படகு. இதில் அழகான ஒரு நேர்மை இருக்கிறது, சண்டை வராமல் ஊரைக் காத்ததும் அதுவே. வெளியிலிருந்து வந்த தொண்டு நிறுவனங்களோ, இழந்தவருக்கு முதலில், அதிகம் இழந்தவருக்கு அதிகம் என்றன. இரண்டும் மோதிக்கொண்டன.

ஆனால் அந்த ‘எல்லோருக்கும்’ யார் யாரை உள்ளடக்கியது? ஊரில் தலைக்கட்டு வரி கொடுப்பவர்கள் கணக்கில் வந்தார்கள். அந்தக் கணக்கு குடும்பத்து ஆணின் பெயரில் இருக்கும். கணவனை அலைக்குக் கொடுத்த பெண், கூடையில் மீன் சுமந்து விற்றுக் குடும்பத்தை நடத்திய பெண், படகு இல்லாமல் பிறர் படகில் பங்குக்குப் போன கூலி மீனவர் ஆகியோரின் குரல் பலமாகக் கேட்கவில்லை. ஊருக்கு வெளியே இருந்தவர்களின் நிலை இன்னும் மோசம். கழிமுகங்களிலும் உப்பங்கழியிலும் கையாலேயே இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்கள் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏராளம். அவர்களிடம் இழந்ததாகக் காட்டப் படகு இல்லை, பட்டா இல்லை, பலரிடம் ரேஷன் அட்டையும் இல்லை. கடலோர ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் வயலில் உப்புநீர் நின்று கூலி வேலை போனவர்களும் ‘சுனாமியால் பாதிக்கப்பட்டவர்’ பட்டியலில் எளிதில் ஏறவில்லை. முகாம்களிலும் பங்கீட்டிலும் சாதி புகுந்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் உள்ளிட்ட அமைப்புகள் 2005-லேயே ஆவணப்படுத்தின. கடல் எல்லோரையும் ஒரே மாதிரி அடித்தது என்பது பாதி உண்மை. நிவாரணம் வந்து சேர்ந்தபோது, முன்பிருந்த மேடும் பள்ளமும் அப்படியே இருந்தன. ஒரு நிவாரணப் பணி பாரபட்சமற்றதா என்று அறிய, வரிசையின் கடைசியில் நிற்பவருக்குக் கிடைத்ததா என்று பார்க்க வேண்டும். கொடுத்தவரின் கணக்குப் புத்தகத்தில் அது தெரியாது.

எவ்வளவு கொடுத்தால் போதும் என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு இந்த மண்ணில் ஒரு பழைய, வலி மிகுந்த வரலாறு இருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. செங்கல்பட்டு ஜில்லாவும் அதில் சிக்கியது. தாது வருஷப் பஞ்சம் என்று ஊரில் சொல்வார்கள். தென்னிந்தியாவில் மட்டும் ஐம்பது லட்சம் பேருக்கு மேல் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். நிவாரணச் செலவைக் குறைக்க இந்திய அரசு அனுப்பி வைத்த சர் ரிச்சர்ட் டெம்பிள், பஞ்ச வேலைக்கு வரும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், கூட ஒரு அணா என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். அதைத் தின்றுவிட்டு மண் வெட்ட வேண்டும். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு இது போதாது, மக்கள் மெலிந்து சாகிறார்கள் என்று மருத்துவ ஆதாரங்களோடு வாதாடினார். சில மாதங்களில் கூலி திருத்தப்பட்டது. அதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள்.

கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன் லண்டனுக்கு வேண்டுகோள் விடுத்தார். 1877 ஆகஸ்டில் அந்நகரின் மேயர் மேன்ஷன் ஹவுஸ் நிதியைத் தொடங்கினார். பல லட்சம் பவுண்டு சேர்ந்தது. அதில் கணிசமான பகுதி, விவசாயிகள் மறுபடி தலையெடுக்க விதைக்கும் மாட்டுக்கும் ஏருக்கும் போனது. பசி தீர்ப்பதோடு பிழைப்பையும் மீட்டுக் கொடுக்க வேண்டும் என்ற இன்றைய கொள்கையை அன்றே சிலர் உணர்ந்திருந்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் நடுவே இன்றும் கிடக்கும் பக்கிங்ஹாம் கால்வாய் அந்த கவர்னர் பெயரைத் தாங்கியது. அதன் சென்னைப் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. தானியக் கூலிக்கு மண் சுமந்தவர்களின் உழைப்பு அது. அதன் கரையில் ஓரிடத்திலாவது அவர்களைப் பற்றி ஒரு கல் நட்டிருக்கலாம்.

பஞ்சத்தின் படிப்பினையாக 1880-களில் பஞ்ச விதித்தொகுப்புகள் வந்தன. ஏறத்தாழ நூறாண்டுக்குப் பிறகு, 1997-இல், ருவாண்டா அகதி முகாம்களின் கசப்பான அனுபவத்தைத் தொடர்ந்து உலகத் தொண்டு நிறுவனங்கள் ‘ஸ்ஃபியர்’ என்ற குறைந்தபட்ச அளவுகோலை வகுக்கத் தொடங்கின. ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர், 2,100 கலோரி உணவு, தங்குமிடத்தில் மூன்றரை சதுர மீட்டர் இடம், இருபது பேருக்கு ஒரு கழிப்பறை. கார்னிஷ் கேட்டதும் அடிப்படையில் இதுதான்: இரக்கத்தை நம்பி விடாமல், அளந்து உறுதி செய்.

அளவு என்பது எண் மட்டும் இல்லை என்பதற்குச் சுனாமிக்குப் பின் கட்டிய தற்காலிகக் கொட்டகைகளே சாட்சி. தார் பூசிய தகடுகளால் அவை அமைக்கப்பட்டன. 2005 சித்திரை வெயிலில் உள்ளே இருக்க முடியாமல் குடும்பங்கள் வெளியே நிழல் தேடின. ஓலையும் மூங்கிலும் விளையும் ஊரில், அங்கே வாழப் போகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இது நேர்ந்திருக்காது. நிரந்தர வீட்டிலும் அதே கதை. 2005 மார்ச் மாத அரசாணை 172, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் உள்ளே தள்ளிப் போனால் புது வீடு, பழைய மனையை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது. பாதுகாப்புக்கான ஏற்பாடு அது. ஆனால் அலையின் நிறத்தைப் பார்த்து மீன்பாட்டை அறிகிறவருக்கும், படகையும் வலையையும் வாசலில் வைத்துக் காப்பவருக்கும் 200 மீட்டர் சிறிய தூரம் இல்லை. விடுதிகள் கரையை நெருக்கிக்கொண்டிருக்கும் மாமல்லபுரம் பகுதியில், நாம் விட்டுப் போகும் மண் நாளை யாருக்குப் போகும் என்ற அச்சமும் நியாயமானதே.

குறைவாக வருவது ஒரு துயரம் என்றால், ஒரே இடத்தில் அளவுக்கு மிஞ்சிக் குவிவதும் நீதி இல்லை. சுனாமிக்கு உலகம் முழுவதும் திரண்ட நிதி 1,300 கோடி டாலருக்கும் மேல். பாதிக்கப்பட்ட ஒருவருக்குச் சராசரியாக 7,100 டாலர் என்று மதிப்பீட்டுக் கூட்டமைப்பு கணக்கிட்டது. அதே 2004-இல் வங்கதேச வெள்ளத்தில் சிக்கிய ஒருவருக்குக் கிடைத்தது 3 டாலர். வெள்ளத்தில் வீடிழந்த தாயின் தேவை எந்த விதத்தில் குறைந்தது? தொலைக்காட்சியில் தெரிந்த அலையின் உயரம் நிதியைத் தீர்மானித்தது. இந்தச் சூழலில் ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு எடுத்த முடிவு போற்றத்தக்கது. 2005 ஜனவரி தொடக்கத்திலேயே, சுனாமிப் பணிக்கு எங்களுக்கு வேண்டிய பணம் சேர்ந்துவிட்டது, இனி இதற்கென்று அனுப்ப வேண்டாம் என்று அறிவித்தது. சக அமைப்புகள் சில வருத்தப்பட்டன. ஆனால் தேவையை மட்டும் பார்ப்பது என்ற கொள்கைக்கு உண்மையாக நின்றது அதுதான்.

பணம் குவிந்ததன் விளைவைத் தமிழகக் கரையில் கண்ணால் பார்க்க முடிந்தது. செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டிய அவசரத்தில் நிறுவனங்கள் போட்டி போட்டு ஃபைபர் படகுகள் கொடுத்தன. பல ஊர்களில் சுனாமிக்கு முன் இருந்ததைவிட அதிகப் படகுகள் கரையேறின. சில தரமற்றவை. மீனோ கூடவில்லை. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு படகின் தரம் பற்றியும் எண்ணிக்கை பற்றியும் எச்சரித்தது. நாகப்பட்டினத்தில் தொண்டு நிறுவனங்களை ஒருங்கிணைக்க மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஒரு மையம் இயங்கியது. அங்கே யார் எந்த ஊரில் என்ன செய்கிறார்கள் என்பதாவது தெரிந்தது. இப்படி ஒரு பலகையில் எழுதி வைக்கும் எளிய வேலைதான் பல நாடுகளில் நடக்காமல் போகிறது.

இனி அரசுகளின் விஷயம். 46/182 தீர்மானம், உதவி பாதிக்கப்பட்ட நாட்டின் சம்மதத்தோடு வர வேண்டும் என்கிறது. சுனாமியின்போது பிரதமர் மன்மோகன் சிங், நிலைமையை நாமே சமாளிக்க முடியும், தேவைப்பட்டால் கேட்போம் என்று வெளிநாட்டு அரசுகளின் உடனடி உதவியை மறுத்தார். பின்னர் மறுசீரமைப்புக்கு உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி நிதி ஏற்கப்பட்டது. தன் கரையிலேயே பிணங்களை எடுத்துக்கொண்டிருந்த அதே நாட்களில் இந்தியா இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் கடற்படைக் கப்பல்களை அனுப்பியது. பெருமைக்குரிய செயல். ஆனால் மறுப்பை மதிப்பிடும் அளவுகோல் ஒன்றே: மறுத்த உதவிக்கு ஈடானது கடைசிக் குடும்பம் வரை போய்ச் சேர்ந்ததா? 2018 கேரள வெள்ளத்தின்போது ஐக்கிய அரபு அமீரகம் உதவ முன்வந்ததை ஒட்டி எழுந்த சர்ச்சையிலும் கேட்க வேண்டியது இதைத்தான்.

சம்மதமும் நடுநிலையும் எவ்வளவு கடினம் என்பதைப் பாக் நீரிணைக்கு அப்பால், இலங்கையின் உள்நாட்டுப் போரில் பார்க்கலாம். 1987 ஜூன் 3 அன்று ராமேசுவரத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்ட நிவாரணப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் இந்திய விமானப்படை ‘பூமாலை நடவடிக்கை’ என்ற பெயரில் சுமார் 25 டன் பொருட்களை வானிலிருந்து போட்டது, போர் விமானங்களின் துணையோடு. யாழ்ப்பாண மக்களின் பசி உண்மை. அந்த உணவுப் பொட்டலத்தில் அரசியல் செய்தி இருந்ததும் உண்மை.

சுனாமிக்குப் பின் நிவாரணத்தைப் பகிர இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூனில் கையெழுத்திட்ட பொதுக் கட்டமைப்பு, அடுத்த மாதமே உச்ச நீதிமன்றத் தடையால் முடங்கியது. 2006 ஆகஸ்ட் 4 அன்று மூதூரில், ‘பசிக்கு எதிரான செயல்’ என்ற பிரெஞ்சு அமைப்பின் உள்ளூர் ஊழியர்கள் 17 பேர் தங்கள் அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுனாமியில் வீடிழந்தவர்களுக்குத் தண்ணீர் வசதி செய்துகொண்டிருந்தவர்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் தமிழர், அந்த ஒருவர் முஸ்லிம். அந்தக் கொலைக்கு யாரும் தண்டிக்கப்படவில்லை. 2009-இல் முல்லைத்தீவுக் கரையில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோது, இரு தரப்போடும் பேசிக் கப்பல் விட்டு, காயம்பட்டவர்களும் உடனிருந்தோருமாக ஏறத்தாழ 14,000 பேரைச் செஞ்சிலுவைச் சங்கம் வெளியே கொண்டுவந்தது. நடுநிலை என்பது கோழைத்தனம் என்று சொல்பவர்களுக்கு இந்த எண்ணே பதில். அது காக்க முடியாமல் போனவர்களின் எண்ணிக்கையும் நம் நெஞ்சில் இருக்கிறது.

2022-இல் இலங்கை பொருளாதாரம் நொறுங்கியபோது தமிழக அரசு உதவ முன்வந்தது. முதல் எண்ணம், வடக்கு, கிழக்கு, மலையகத் தமிழருக்கு அனுப்புவது. தமிழருக்கு மட்டும் என்று பிரிக்க வேண்டாம், எல்லோரும் வாடுகிறார்கள், பொதுவாக அனுப்புங்கள் என்று இலங்கைத் தமிழர் தரப்பிலிருந்தே வேண்டுகோள் வந்ததாக முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் சொன்னார். ஏப்ரல் 29 அன்று தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், மருந்துகள் என மொத்தம் 123 கோடி ரூபாய். ஒன்றிய அரசின் ஒப்புதலோடு மே 18 அன்று சென்னையிலிருந்து முதல் கப்பல் புறப்பட்டது. கால் நூற்றாண்டுக்கும் மேல் நீண்ட போரில் எல்லாவற்றையும் இழந்த ஒரு மக்கள், தங்களை அழித்த அரசின் கீழ் வாழும் சிங்களக் குடும்பத்துக்கும் அரிசி போகட்டும் என்றார்கள். பாரபட்சமின்மைக்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டை ஜெனீவாவிலும் தேட வேண்டியதில்லை.

இன்று உலக அளவில் இந்தத் துறை நெருக்கடியில் இருக்கிறது. 2025-இல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி நிறுவனத்தையே கலைத்தது, ஐ.நா. தன் வேண்டுகோள்களைச் சுருக்கிக்கொண்டது. 2024-இல் மட்டும் 380-க்கும் மேற்பட்ட நிவாரணப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் காஸாவிலும் சூடானிலும். உள்ளூர் அமைப்புகளிடம் நிதியில் கால்பங்கைக் கொடுப்போம் என்று 2016 இஸ்தான்புல் மாநாட்டில் தந்த வாக்குறுதி காற்றில் போயிற்று. இந்தியாவிலோ, 2020-இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், பெரிய அமைப்பு பெற்ற வெளிநாட்டு நிதியைச் சிறிய அமைப்புக்குப் பகிர்வதைத் தடை செய்கிறது. குப்பத்துப் பெயர் தெரிந்த, இருளர் குடியிருப்புக்கு வழி தெரிந்த சிறு குழுவுக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது.

நல்ல மாற்றமும் ஒன்று உண்டு. பொருளாகக் கொடுப்பதைவிடப் பணமாகக் கொடுத்து, எது தேவை என்பதைக் குடும்பமே முடிவு செய்யட்டும் என்ற முறை உலகெங்கும் பரவியிருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும் செங்கல்பட்டு உள்ளிட்ட அண்டை மாவட்டங்களையும் மூழ்கடித்தபோது, தமிழக அரசு ரேஷன் கடை வழியாக 6,000 ரூபாய் கொடுத்தது. பழைய துணி மூட்டைகளிலிருந்து இது நீண்ட தூரம். ஆனால் ரேஷன் அட்டை இல்லாதவர்கள் விண்ணப்பம் எழுதித் தர வேண்டியிருந்தது. எழுதத் தெரியாத, அலுவலகம் என்றாலே தயங்கும் குடும்பத்துக்கு அந்த விண்ணப்பம் பெரிய மதில்.

வடகிழக்குப் பருவமழை ஒவ்வோர் ஐப்பசியும் வரும், புயலும் வரும். அதற்கு முன்பே கடலோர ஊர் ஒவ்வொன்றிலும் அட்டை இல்லாத குடும்பம், தனித்து வாழும் பெண், படுக்கையில் இருக்கும் முதியவர், ஊருக்கு வெளியே கழிக்கரையில் குடிசை போட்டிருப்பவர் என்று பெயர் பெயராக எழுதி வைக்கப் பெரிய நிதி வேண்டியதில்லை. கிராம நிர்வாக அலுவலரும் அங்கன்வாடிப் பணியாளரும் மகளிர் சுயஉதவிக் குழுவும் சேர்ந்து உட்கார்ந்தால் முடிகிற வேலை. பட்டியலை இருளர் குடியிருப்பிலிருந்து எழுதத் தொடங்கலாம்.